பி.எம். ஆகலாமா, டி.பி.எம். ஆகலாமா?



2022-ஆம் ஆண்டின் கடைசியில் ஒரு சனிக்கிழமை இரவு. சாப்பிட்டுக்கொண்டே அம்மாவிடம் சொன்னேன்: "ம்மா, ஆபீஸ்ல ரெண்டு வேலை காலியா இருக்கு. ஒன்னு பி.எம்., இன்னொன்னு டி.பி.எம். எதுக்குப் போறதுன்னு தெரியல."

அம்மா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "என்னாம்மா இது! பிரதமருக்கும் துணைப் பிரதமருக்கும் உங்க ஆபீஸ்லயா ஆள் எடுக்குறாங்க?"

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. நம் நாட்டில் பி.எம். என்றால் பெர்டானா மெந்திரி, டி.பி.எம். என்றால் திம்பாலான் பெர்டானா மெந்திரி. செய்தியில் தினமும் கேட்கிற எழுத்துகள்தானே. இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அதன் பிறகு நான் எடுத்த முடிவு தவறாகப் போனது. அதிலிருந்து மீண்டு வர எனக்கு 14 மாதம் பிடித்தது.

போன மாதம் நம் கிளையில் நடந்த வேலை வழிகாட்டி நிகழ்ச்சியில், கணினித் துறையில் கடைசி ஆண்டு படிக்கும் தங்கை ஒருத்தி என்னிடம் வந்து, "அக்கா, பி.எம். நல்லதா, டி.பி.எம். நல்லதா? எதுல சம்பளம் அதிகம்?" என்று கேட்டாள். வாசலில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்தபின் மனசு கேட்கவில்லை. அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே பாடமாக எழுதுகிறேன். உங்களில் பலருக்கும் இது உதவும்.

1. முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்ப்போம்

வேலை விளம்பரங்களில் பி.எம். என்ற இரண்டு எழுத்துக்குள் மூன்று வேலைகள் ஒளிந்திருக்கின்றன.

புராடக்ட் மேனேஜர்: எதைச் செய்ய வேண்டும், யாருக்காக, ஏன் என்பதற்குப் பொறுப்பாளர். இந்தக் கட்டுரையில் பி.எம். என்று நான் சொல்வது இவரைத்தான்.

புராஜெக்ட் மேனேஜர்: தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு வேலையை, குறித்த நாளுக்குள், குறித்த செலவுக்குள் முடிப்பவர். கட்டடம் கட்டுவதில் தொடங்கி எல்லாத் துறையிலும் இவர் உண்டு.

டெக்னிக்கல் புரோகிராம் மேனேஜர்: பல குழுக்கள் சேர்ந்து செய்யும் பெரிய தொழில்நுட்ப வேலையில், ஒரு குழுவின் வேலை இன்னொரு குழுவின் வேலையோடு சரியாகப் பொருந்தி, முழுதாக வந்து சேருவதற்குப் பொறுப்பாளர். இவர்தான் டி.பி.எம்.

இதோடு குழப்பம் தீர்ந்துவிடாது. 1980களில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் எக்ஸெல் மென்பொருளை உருவாக்கிய காலத்தில் புரோகிராம் மேனேஜர் என்ற பதவியை உண்டாக்கியது. அங்கே அந்தப் பதவியில் இருந்தவர்கள் செய்தது, மற்ற இடங்களில் புராடக்ட் மேனேஜர் செய்கிற வேலைக்கு நெருக்கமானது. ஆகவே, விளம்பரத்தில் உள்ள பட்டத்தை மட்டும் பார்த்து விண்ணப்பிக்காதீர்கள். கீழே எழுதியிருக்கும் பொறுப்புகளைப் படியுங்கள். "வாடிக்கையாளரிடம் பேசி, முன்னுரிமை வகுக்க வேண்டும்" என்றால் அது பி.எம். "பல குழுக்களின் சார்புகளையும் இடர்களையும் கவனிக்க வேண்டும்" என்றால் அது டி.பி.எம். பெயர் எதுவாகவும் இருக்கட்டும்.

2. இரண்டும் எங்கிருந்து வந்தன?

பி.எம். வேலையின் வேர் கணினியில் இல்லை, சோப்பில் இருக்கிறது. அமெரிக்காவின் புரோக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில் நீல் மெக்எல்ராய் என்ற இளைஞர் கேமே சோப்பின் விளம்பரத்தைக் கவனித்து வந்தார். அதே நிறுவனத்தின் ஐவரி சோப்பும் கடையில் பக்கத்திலேயே நின்று போட்டியிட்டது. 1931 மே மாதம் அவர் மேலிடத்துக்கு மூன்று பக்கக் குறிப்பு ஒன்று எழுதினார். ஒவ்வொரு பொருளுக்கும் தனியாக ஓர் ஆள் பொறுப்பேற்க வேண்டும். எங்கே விற்கிறது, எங்கே விற்கவில்லை, ஏன் என்பதை அவர் நேரில் போய் ஆராய வேண்டும் என்பது அதன் சாரம். பொருளுக்கு ஒரு சொந்தக்காரர் வேண்டும் என்ற அந்த எண்ணம்தான் பல பத்தாண்டுகள் கழித்து மென்பொருள் நிறுவனங்களுக்கு வந்து புராடக்ட் மேனேஜர் ஆனது.

டி.பி.எம். வேலையின் வேரைத் தேடினால் கடலுக்கடியில் போக வேண்டும். 1955-இல் அமெரிக்கக் கடற்படை ஒரு சிறப்பு அலுவலகம் தொடங்கியது. நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஏவக்கூடிய பொலாரிஸ் ஏவுகணையை உருவாக்குவது அதன் வேலை. கப்பல் ஓரிடத்தில், இயந்திரம் ஓரிடத்தில், வழிகாட்டும் கருவி இன்னோரிடத்தில் தயாராகின. யாருடைய தாமதம் யாரை நிறுத்தும் என்று கண்டுபிடிக்க, 1958-இல் பெர்ட் என்ற வலைப்பின்னல் முறையை உருவாக்கினார்கள். எந்த வேலை எந்த வேலைக்காகக் காத்திருக்கிறது என்று கோடு போட்டு வரைவதே அதன் அடிப்படை. 1960 ஜூலை 20-இல் ஜார்ஜ் வாஷிங்டன் என்ற நீர்மூழ்கி, நீருக்குள் இருந்தபடியே அந்த ஏவுகணையை ஏவியது.

இதில் ஒரு வேடிக்கை. சோப்புக் குறிப்பு எழுதிய அதே மெக்எல்ராய், 1957 முதல் 1959 வரை அமெரிக்காவின் தற்காப்பு அமைச்சர். பெர்ட் முறை பிறந்தது அவர் பதவியில் இருந்தபோதுதான். இரண்டு வேலைகளின் கதையிலும் ஒரே மனிதர் தலை காட்டுகிறார்!

இந்த இரண்டு கதைகளும் உங்களுக்குச் சொல்வது இதுதான்: பி.எம். வேலை பிறந்தது "ஏன் விற்கவில்லை?" என்ற கவலையிலிருந்து. டி.பி.எம். வேலை பிறந்தது "எங்கே தடைப்படும்?" என்ற கவலையிலிருந்து.

3. ஒரே வேலை, இரண்டு கவலைகள்

நமக்குத் தெரிந்த ஓர் உதாரணத்தில் பார்ப்போம். நம் நாட்டில் இ-இன்வாய்ஸ் கட்டாயமாக்கப்பட்டது நினைவிருக்கும். ஆண்டு விற்பனை 100 மில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் உள்ள நிறுவனங்களுக்கு 2024 ஆகஸ்ட் 1-ஆம் தேதி அது தொடங்கியது. அடுத்த கட்டம், 25 மில்லியனுக்கு மேற்பட்டவர்களுக்கு, 2025 ஜனவரி 1-இல் வந்தது. விற்பவர் தன் பில்லை உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் அமைப்புக்கு மின்வழியில் அனுப்ப வேண்டும். அங்கே சரிபார்க்கப்பட்டு, ஓர் அடையாள எண் கிடைக்கும். அதன் பிறகு 72 மணி நேரத்துக்குள் விற்பவர் ரத்து செய்யலாம், வாங்கியவர் மறுக்கக் கோரலாம்.

நான் வேலை செய்வது கணக்கியல் மென்பொருள் செய்யும் ஒரு நிறுவனத்தில். எங்கள் வாடிக்கையாளர்களுக்காக இதை மென்பொருளில் சேர்க்க வேண்டியிருந்தது. இந்த ஒரே வேலையில் இருவரும் கேட்கும் கேள்விகளைப் பாருங்கள்.

பி.எம். கேட்பது: கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் எழுத்தர் ஒரு நாளைக்கு எத்தனை பில் போடுகிறார்? ஒரு பில்லுக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட தகவல்கள் வேண்டும் என்றால், அவர் கையால் தட்டச்சு செய்ய வேண்டியவை எத்தனை, மென்பொருளே நிரப்பிக்கொள்ளக்கூடியவை எத்தனை? வாங்கியவர் வரி அடையாள எண் தரவில்லை என்றால் திரையில் என்ன காட்டுவது? முதல் வெளியீட்டில் எதைச் சேர்க்க வேண்டும், எதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்?

டி.பி.எம். கேட்பது: பில் குழு, வாடிக்கையாளர் தகவல் குழு, பாதுகாப்புக் குழு, சோதனைக் குழு என்று நான்கு குழுக்கள் இருக்கின்றன. இதில் யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள்? வாரியம் தந்திருக்கும் சோதனைத் தளத்தில் எப்போது முயன்று பார்ப்போம்? அனுப்பிய பில்லுக்குப் பதில் வராவிட்டால் மறுபடி எப்படி அனுப்புவது, ஒரே பில் இரண்டு முறை போய்விடாமல் எப்படித் தடுப்பது? ஆகஸ்ட் 1-ஆம் தேதி ஏதாவது தவறிப் போனால் எப்படிப் பின்வாங்குவது? 'போகலாம்' என்று கடைசியில் சொல்லப் போவது யார்?

இரண்டு பட்டியலையும் மறுபடி ஒரு முறை படியுங்கள். எந்தப் பட்டியலைப் படிக்கும்போது உங்களுக்கே மேலும் நாலு கேள்வி தோன்றுகிறது? எந்தப் பட்டியலில் கொட்டாவி வருகிறது? அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

4. நான் செய்த தவறு

இப்போது என் கதைக்கு வருகிறேன். அப்போது நான் மென்பொருள் சோதனைப் பிரிவில் ஐந்து ஆண்டு வேலை செய்திருந்தேன். பி.எம். வேலைக்கு மாதம் 600 ரிங்கிட் கூடுதல். தம்பி அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தான். அதோடு, பி.எம். என்பவர் அந்தப் பொருளுக்கே குட்டி முதலாளி என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். கேட்க நன்றாக இருந்தது. நான் பி.எம். ஆனேன்.

என் முதல் பெரிய வேலை, முதலாளிகளுக்கான விற்பனை அறிக்கைப் பக்கம். வண்ண வண்ண வரைபடங்கள், மாத ஒப்பீடு எல்லாம் உண்டு. ஒன்பது மாதம் அதற்காக ஓடினேன். எந்தக் குழு எங்கே நிற்கிறது என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். சொன்ன நாளில், சொன்னபடி வெளியிட்டோம். அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள்.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், அதைத் தொடர்ந்து பயன்படுத்தியது பத்து நிறுவனம்கூட இல்லை.

கிள்ளானில் உள்ள ஒரு வாடிக்கையாளர் அலுவலகத்துக்குப் போய், கணக்குப் பிரிவில் இருந்த ஓர் அக்காவிடம் கேட்டேன். அவர் பாவம், என் மனசு நோகக் கூடாது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அழகாத்தான் இருக்கு மா. ஆனா எங்க முதலாளி எக்ஸெல்லதான் கேக்குறாரு. நான் பழைய பக்கத்துல இருந்து எடுத்து, எக்ஸெல்ல ஒட்டிக் குடுத்துருவேன்."

இந்த ஒரு வாக்கியத்தை நான் ஒரு வருடத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டும். கேட்பதுதான் என் வேலை. அந்த ஒன்பது மாதத்தில் நான் வாடிக்கையாளரைச் சந்தித்தது இரண்டே முறை. மற்ற நேரமெல்லாம் குழுக்களின் தேதியைத் துரத்திக்கொண்டிருந்தேன். எனக்கு அதுதான் பிடித்திருந்தது. என் மேலாளர் கூட்டத்தில் கோபப்படவில்லை. "இதை ஏன் செய்தோம்?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் தேதிகள் இருந்தன. பதில் இல்லை.

அன்று ரயிலில் வீடு திரும்பும்போது அழுதேன். ஆறு பேருடைய ஒன்பது மாத உழைப்பு என் கேட்காத கேள்வியால் வீணாகிப் போனது. அந்த வருத்தம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

5. என் கவலை எது என்று தெரிந்த நாள்

2024 பிப்ரவரியில் நானே போய், இ-இன்வாய்ஸ் வேலைக்கு டி.பி.எம். ஆக மாற்றிவிடச் சொல்லிக் கேட்டேன். அந்த ஆண்டு சம்பள உயர்வு கிடைக்காது என்றார்கள். சரி என்றேன். வீட்டில் சொன்னபோது அம்மா, "கீழ இறக்கிட்டாங்களா?" என்றார். "இல்லம்மா, பக்கத்து நாற்காலிக்கு மாறுறேன்" என்றேன். நம்பினாரா என்று தெரியவில்லை.

ஜூன் மாதம் ஒரு பெரிய தாளில் எல்லா வேலையையும் எழுதி, எது எதற்காகக் காத்திருக்கிறது என்று கோடு போட்டேன். நான்கு குழுக்களின் வார அறிக்கையும் பச்சை நிறம்தான், எல்லாம் சரி என்று அர்த்தம். ஆனால் என் தாளில் ஒரு கட்டத்துக்குப் பெயரே இல்லை. அனுப்பும் பில்லில் மின்கையொப்பம் வேண்டும். அதற்கு உரிமம் பெற்ற நிறுவனத்திடமிருந்து மின்சான்றிதழ் வாங்க வேண்டும். கூட்டத்தில் கேட்டேன்: "சான்றிதழுக்கு விண்ணப்பம் போட்டது யாரு? எந்தத் தேதி?" ஒரு குழு இன்னொரு குழுவைப் பார்த்தது. யாரும் போடவில்லை. ஒவ்வொருவரும் மற்றவர் போட்டிருப்பார் என்று நினைத்திருந்தார்கள். ஆகஸ்ட் 1-க்கு ஏழு வாரம் இருந்தது.

அன்றைக்கே இயக்குநரிடம் போய்ச் சொன்னேன். கெட்ட செய்தியை ஒரு நாள்கூட வைத்திருக்கக் கூடாது என்பது இந்த வேலையின் முதல் பாடம். எங்கள் பி.எம். உட்கார்ந்து, எந்த இரண்டு வசதிகளைத் தள்ளிப் போட்டால் எழுத்தர்களுக்குச் சிரமம் குறைவு என்று முடிவு செய்தார். அது அவர் வேலை. அதை என்னால் அவ்வளவு நன்றாகச் செய்திருக்க முடியாது. மிச்சப்பட்ட நாட்களை நான் சான்றிதழுக்கும் சோதனைக்கும் மாற்றிக் கொடுத்தேன். ஆகஸ்ட் 1 நள்ளிரவு தாண்டி முதல் பில் சரிபார்க்கப்பட்டு எண்ணோடு திரும்பி வந்தது. விடிகாலையில் எல்லாரும் மாமாக் கடையில் பசியாறினோம். அந்த ஏழு வாரமும் கடுமையான வேலை. ஆனாலும் மனசு தெளிவாக இருந்தது.

இதைப் படித்துவிட்டு, டி.பி.எம். தான் உயர்ந்தது என்று எண்ணிவிடாதீர்கள். எனக்கு நேர்மாறாக, எங்கள் அலுவலகத்தில் ஒருவர் டி.பி.எம். வேலையில் மூன்று ஆண்டு தவித்துவிட்டு பி.எம். ஆனார். கூட்டத்தில் எல்லாரும் "எப்போது முடியும்?" என்று பேசும்போது, அவர் மட்டும் "இது வேண்டுமா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். டி.பி.எம். நாற்காலியில் அந்தக் கேள்வி தொல்லையாக இருந்தது. பி.எம். நாற்காலியில் அதே கேள்வி நிறுவனத்தைக் காப்பாற்றியது.

6. பாடத்தின் சாரம்

இரண்டு வேலைகளுக்கும் தனித்தனித் தோல்வி உண்டு.

பி.எம். தோற்றால், யாருக்கும் வேண்டாத ஒன்று அழகாக, நேரத்தோடு வந்து நிற்கும்.

டி.பி.எம். தோற்றால், எல்லாருக்கும் வேண்டிய ஒன்று வந்து சேராமலே போகும்.

வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது பட்டத்தையும் சம்பளத்தையும் பார்க்கிறோம். தவறில்லை, வீட்டில் செலவு இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் உங்களையே கேளுங்கள்: இந்த இரண்டு தோல்விகளில் எதைத் தடுக்க நான் யாரும் சொல்லாமலே விழித்திருப்பேன்? யாரும் கேட்காமலே உங்கள் மனசு எந்தக் கேள்வியைக் கேட்கிறதோ, அந்தக் கேள்விக்குச் சம்பளம் தருகிற வேலைதான் உங்களுக்கு ஏற்றது.

இருவருக்கும் பொதுவான ஒரு கஷ்டமும் உண்டு. அம்மா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். நான் வேலையை விளக்கியதும், "அப்ப நீ மண்டோர் மாதிரி" என்றார். இல்லை. மண்டோர் பெரட்டில் நின்று, "நீ அந்த நிரைக்குப் போ" என்றால் போக வேண்டும். பி.எம். சொன்னாலும் டி.பி.எம். சொன்னாலும் பொறியாளர் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெரும்பாலும் அவர்கள் நமக்குக் கீழ் வேலை செய்பவர்கள் அல்லர். காரணத்தை விளக்கி, நம்பிக்கையைச் சம்பாதித்துத்தான் வேலையை நகர்த்த முடியும். 'குட்டி முதலாளி' ஆசையோடு வருபவர்கள் இங்கேதான் முதலில் அடிபடுகிறார்கள்.

7. அடிக்கடி கேட்கப்படும் சந்தேகங்கள்

"அக்கா, கோடிங் தெரியணுமா?" தினமும் எழுத வேண்டியதில்லை. டி.பி.எம். வேலைக்கு, மென்பொருளின் பகுதிகள் எப்படி ஒன்றோடொன்று பேசுகின்றன, எங்கே உடையும் என்பது புரிய வேண்டும். நேர்முகத் தேர்விலும் பெரும்பாலும் ஓர் அமைப்பை வரைந்து காட்டச் சொல்வார்கள். பி.எம். தேர்வில், ஒரு பொருளை யாருக்காக எப்படி மேம்படுத்துவாய், வெற்றியை எப்படி அளப்பாய் என்று கேட்பார்கள்.

"படிப்பு முடிச்ச உடனே கிடைக்குமா?" பி.எம். வேலைக்குச் சில பெரிய நிறுவனங்கள் புதியவர்களை எடுத்துப் பயிற்சி கொடுக்கின்றன. கூகுள் 2002-இலேயே இப்படி ஒரு திட்டம் தொடங்கியது. ஆனால் இடங்கள் மிகக் குறைவு. டி.பி.எம். வேலைக்கு வருபவர்கள் பெரும்பாலும் சில ஆண்டுகள் பொறியாளராகவோ சோதனையாளராகவோ இருந்தவர்கள். ஆகவே முதல் வேலை எதுவாக இருந்தாலும் மனம் தளராதீர்கள்.

"பி.எம்.பி. சான்றிதழ் எடுக்கணுமா?" அது புராஜெக்ட் மேனேஜர்களுக்கான சான்றிதழ். அதன் தேர்வை எழுதவே சில ஆண்டு அனுபவம் வேண்டும். முதல் வேலைக்கு முன்னால் அதற்காகக் கடன் வாங்காதீர்கள்.

"கோலாலம்பூருக்கு வந்தாத்தான் வேலையா?" பினாங்கு பாயான் லெப்பாஸ் வட்டாரத்தில் 1972 முதலே மின்னணுத் தொழிற்சாலைகள் இயங்குகின்றன. ஒரு சில்லு வடிவமைப்பிலிருந்து உற்பத்திக்குப் போகும் வழியில் ஏகப்பட்ட குழுக்கள். அங்கே புரோகிராம் மேனேஜர்களுக்குத் தேவை உண்டு. வடக்கே இருக்கும் தம்பி தங்கைகள் கவனியுங்கள்.

"தப்பா தேர்ந்தெடுத்துட்டா?" என்னைப் போல மாறிக்கொள்ளலாம். ஆனால் சீக்கிரம் ஒப்புக்கொள்ளுங்கள்.

8. பயிற்சி: நம் கிளையிலேயே முயன்று பாருங்கள்

வேலைக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த இரத்த தான முகாமை எடுத்துக்கொண்டு, இரண்டு வாரம் இந்தப் பயிற்சியைச் செய்யுங்கள்.

முதல் வாரம், பி.எம். ஆக. போன முகாமுக்கு வராத ஐந்து இளைஞர்களைத் தேடிப் பிடித்து, ஏன் வரவில்லை என்று கேளுங்கள். ஆலோசனை சொல்லாதீர்கள், வாதாடாதீர்கள், கேட்க மட்டும் செய்யுங்கள். ஊசிக்குப் பயமா, ஞாயிற்றுக்கிழமை வேலையா, வர வண்டி இல்லையா? கேட்டதை ஒரு பக்கத்தில் எழுதி, எந்த ஒன்றை மாற்றினால் அதிகம் பேர் வருவார்கள் என்று முடிவு செய்யுங்கள். நாலு நல்ல யோசனையை விட்டுவிட்டு ஒன்றை மட்டும் எடுப்பதுதான் இதில் கடினம்.

இரண்டாம் வாரம், டி.பி.எம். ஆக. வேலைகளை எழுதிக் கோடு போடுங்கள். உதாரணத்துக்கு இப்படி வைத்துக்கொள்வோம்: மண்டபம் உறுதியாக 7 நாள். மண்டபம் கிடைத்த பிறகுதான் இரத்த வங்கிக்குக் கடிதம், பதில் வர 14 நாள். தேதி உறுதியான பிறகுதான் சுவரொட்டி, 3 நாள். சுவரொட்டி வந்த பிறகு ஆள் திரட்டுவது, 10 நாள். கூட்டினால் 34 நாள். சாப்பாடு ஏற்பாடு 5 நாள், தொண்டர் பட்டியல் 8 நாள். இவை எதற்கும் காத்திருக்காமல் பக்கவாட்டில் நடக்கும்.

ஆக, மிக நீளமான சங்கிலி 34 நாள். முகாமுக்கு 30 நாள் இருக்கும்போது கூட்டம் போட்டால், உட்காரும்போதே நாலு நாள் தாமதம்! நம் கூட்டங்களில் சாப்பாட்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவோம், மண்டபக் கடிதத்தை யார் கொடுப்பது என்று கேட்க மறந்துவிடுவோம். தவறு எங்கே என்று இப்போது தெரிகிறதா?

இரண்டு வாரமும் முடிந்ததும் பாருங்கள். எந்த வாரத்தில் நேரம் போனதே தெரியவில்லை? எந்த வாரத்து வேலையை நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போட்டீர்கள்? உங்களுக்கான பதில் அதில் இருக்கிறது.

நிகழ்ச்சியில் என்னிடம் கேட்ட தங்கையே, நீ இதைப் படித்தால், சம்பளத்தைப் பற்றிய உன் கேள்விக்கும் சொல்லிவிடுகிறேன். அது வேலையின் பெயரைவிட நிறுவனத்தையும் அனுபவத்தையும் பொறுத்தது. எனக்கு அந்த 600 ரிங்கிட் உதவியது உண்மை. ஆனால் அந்த 14 மாதமும் அம்மா காலையில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ராத்திரி தூங்கினியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஆகஸ்ட் மாதத்துக்குப் பிறகு அவர் அதைக் கேட்கவில்லை.

கிளையில் கலந்து பேச:

1. நீங்கள் கடைசியாகப் பங்கெடுத்த ஒரு நிகழ்ச்சி சரியாக அமையவில்லை என்றால், அது தேவையில்லாததைச் செய்ததால் வந்ததா, தேவையானது நேரத்துக்கு வராததால் வந்ததா?

2. ஒவ்வொருவரும் மற்றவர் செய்வார் என்று விட்டுவிட்ட ஒரு வேலையை நினைவுகூருங்கள். யார், எப்போது கேட்டிருக்க வேண்டும்?

3. யாருக்கும் கட்டளையிட அதிகாரம் இல்லாமல், ஒரு வேலையை முடித்த அனுபவம் உங்களுக்கு உண்டா? எப்படி முடித்தீர்கள்?